ஹான்சா வழக்கு: காவல்துறை நடத்திய கள்ளச்சந்தை

2017ஆம் ஆண்டு கோடையில் ஏறத்தாழ ஒரு மாதம், சிறப்பு மென்பொருள் வழியாக மட்டுமே எட்டக்கூடிய இருள் இணையத்தின் மூன்றாவது பெரிய கள்ளச்சந்தையை நெதர்லாந்துக் காவல்துறை தன் கையில் வைத்துக்கொண்டு நடத்தியது. வாங்கியவர்களுக்கும் அது தெரியாது, விற்றவர்களுக்கும் தெரியாது. சந்தையின் பெயர் ஹான்சா. சர்வர் எப்படிச் சிக்கியது, கடவுச்சொற்கள் எப்படிப் பிடிபட்டன என்ற சாகசக் கதையாகவே இந்த வழக்கு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சாகசத்துக்கும் குறைவில்லைதான். இணையக் குற்றங்களை விசாரிப்பவர்களும் அவர்களுக்குச் சட்டம் எழுதுபவர்களும் இதில் பார்க்க வேண்டிய இடம் வேறு. குற்றத்தை நிறுத்தும் வசதி கையில் இருந்தும் அதை ஓடவிட அதிகாரிகள் எப்படித் துணிந்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள், என்ன கிடைத்தது என்பதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டு அவர்கள் வகித்த இடத்தை மட்டும் குறித்திருக்கிறேன்.

பின்னணி

பயனரின் இணையப் போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு, யார் எங்கிருந்து பேசுகிறார் என்பதை மறைக்கும் மென்பொருள் டோர். 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவான யோசனை அது. பத்திரிகையாளர்களும் ஒடுக்குமுறை ஆட்சிகளின் கீழ் வாழ்பவர்களும் அதை நம்பியிருக்கிறார்கள். கள்ள வியாபாரிகளும் அப்படியே. டோரின் மறைவோடு பிட்காயின் என்ற மின்நாணயமும் சேர்ந்தபோது, 2011இல் சில்க் ரோடு என்ற சந்தை பிறந்தது. வாங்குபவர் மதிப்பெண் கொடுப்பார், விற்பவர் தபாலில் அனுப்புவார், நடுவில் சந்தை தன் தரகை எடுத்துக்கொள்ளும்.

2013 அக்டோபரில் எஃப்.பி.ஐ. சில்க் ரோட்டை மூடியது. ஒரு மாதத்தில் அதே பெயரில் இரண்டாவது சந்தை திறந்தது. 2014 நவம்பரில் அதையும் மூடினார்கள். கூட்டம் எவல்யூஷன் என்ற சந்தைக்குப் போனது. 2015 மார்ச்சில் அதன் நிர்வாகிகள் வாடிக்கையாளர்களின் பணத்தோடு கம்பி நீட்டினார்கள். கூட்டம் மறுபடி நகர்ந்து, கடைசியில் ஆல்ஃபாபே என்ற பெரும் சந்தையில் குவிந்தது. மூடப்பட்ட நாளில் சில்க் ரோட்டில் சுமார் 14,000 விற்பனைப் பதிவுகள் இருந்தன. 2017இல் ஆல்ஃபாபேயில் போதைப்பொருள், நச்சு வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. விற்பவர்கள் 40,000 பேர், பயனர்கள் 2 லட்சத்துக்கும் மேல். மாநகராட்சி லாரி அள்ளிப்போன நடைபாதைக் கடைகள் மறுநாள் அடுத்த தெருவில் விரிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

ஆல்ஃபாபேயைவிட ஹான்சா சிறியது. பாதுகாப்பானது என்று பெயரெடுத்திருந்தது. வாங்குபவரின் பணம் நிர்வாகிகளின் கைக்கு நேராகப் போகாதபடி, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கையொப்பமிட்டால்தான் பிட்காயின் நகரும் முறையை அது வைத்திருந்தது. எவல்யூஷனில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இந்த நம்பிக்கைதான் பின்னால் காவல்துறையின் இலக்காக மாறியது.

2016: துப்பு கிடைத்தது, கைநழுவியது

முதல் தகவல் காவல்துறையிடமிருந்து வரவில்லை. பிட்டிஃபெண்டர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஹான்சா தொடர்பான ஒரு துப்பை ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் ஒத்துழைப்பு அமைப்பான யூரோபோலுக்குக் கொடுக்க, யூரோபோல் அதை 2016இல் நெதர்லாந்துக்கு அனுப்பியது. சந்தையின் புதிய வசதிகளைச் சோதித்துப் பார்க்க நிர்வாகிகள் வைத்திருந்த சர்வர் ஒன்று, டோரின் மறைவு இல்லாமல் நெதர்லாந்தில் உள்ள ஒரு தரவு மையத்தில் கிடந்தது. முன்வாசலுக்குப் பூட்டு மேல் பூட்டுப் போட்டவர்கள், பட்டறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

ட்ரீபெர்கனில் இயங்கும் தேசிய உயர்தொழில்நுட்பக் குற்றப் பிரிவு அந்தச் சர்வரின் போக்குவரத்தைக் கண்காணித்தது. அது அதே இடத்தில் இருந்த, டோரால் மறைக்கப்பட்ட இன்னொரு சர்வரோடு பேசியது. ஜெர்மனியிலும் இரண்டு சர்வர்கள் தெரியவந்தன. வட்டுகளைப் பிரதியெடுத்துத் தேடியபோது சந்தையின் தரவுத்தளத்தோடு இரண்டு நிர்வாகிகளின் பழைய உரையாடல்களும் கிடைத்தன. அவற்றில் இருவரின் உண்மைப் பெயர்களும் ஒருவரின் வீட்டு முகவரியும் இருந்தன. இருவரும் ஜெர்மானியர், முப்பதை ஒட்டிய வயதினர்.

கைது செய்து ஒப்படைக்கக் கோரி ஜெர்மனியை அணுகியபோது ஒரு புதுச் செய்தி வந்தது. அதே இருவரும் திருட்டு மின்னூல் தளம் ஒன்றை நடத்துவதாக ஜெர்மன் காவல்துறை ஏற்கெனவே அவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. நெதர்லாந்து அதிகாரிகள் இதை வேறு கோணத்தில் பார்த்தார்கள். ஹான்சாவுக்காகக் கைது என்று வெளியே தெரிந்தால் சந்தை அந்த நிமிடமே காலியாகிவிடும். மின்னூல் திருட்டுக்காகக் கைது என்றால் ஹான்சாவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சந்தையை மூடாமல் கைப்பற்றலாம் என்ற எண்ணம் இங்கேதான் முளைத்தது.

அதற்குள் சர்வர்கள் மறைந்துவிட்டன. வட்டுகளைப் பிரதியெடுத்ததில் ஏதோ ஒன்று நிர்வாகிகளை உஷார்படுத்தியிருக்க வேண்டும். ஹான்சா இடம் மாறிவிட்டது. பெயர்கள் கையில் இருந்ததால் இருவரையும் உடனே கைது செய்து, கிடைத்தவரை போதும் என்று வழக்கை முடித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கைது செய்தால் ஆட்கள் கிடைப்பார்கள், சந்தை கிடைக்காது. மாதக்கணக்கில் தேடினார்கள். வெளியே காட்ட ஒரு கைதுகூட இல்லாத அந்த மாதங்களில் மேலிடம் பொறுமையாக இருந்தது என்பதை, இந்த வழக்கின் தொழில்நுட்பத்தைவிட அரிதான விஷயமாகக் கருதுகிறேன்.

2017 ஏப்ரல்: பணம் காட்டிய வழி

பழைய உரையாடல்களில் ஒரு பிட்காயின் முகவரி இருந்தது. பிட்காயின் பரிமாற்றங்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் பதிவாகின்றன. பெயர் மட்டும்தான் இருக்காது. 2017 ஏப்ரலில் அந்த முகவரியிலிருந்து ஒரு தொகை நகர்ந்தது. பரிமாற்றங்களை அலசும் மென்பொருளின் உதவியோடு பின்தொடர்ந்தபோது, அது நெதர்லாந்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பிட்காயின் கட்டணச் சேவை நிறுவனத்தில் போய் நின்றது. சட்டப்படி விவரம் கேட்டார்கள். பணம் போய்ச் சேர்ந்த இடம் லித்துவேனியாவில் உள்ள ஒரு சர்வர் வாடகை நிறுவனம். ஹான்சாவின் புதிய வீடு அங்கே இருந்தது.

ஏறத்தாழ இதே நேரத்தில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு தகவல் வந்தது. எஃப்.பி.ஐ. ஆல்ஃபாபேயை நெருங்கிவிட்டது, அதன் சர்வர்களில் ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது. ஆல்ஃபாபேயின் நிறுவனர் ஒரு கனடா நாட்டவர், தாய்லாந்தில் வசித்தார். 2014இல் புதுப் பயனர்களுக்கு அனுப்பிய வரவேற்பு மடலில் தன் சொந்த மின்னஞ்சல் முகவரி தெரிய விட்டிருந்தார்.

மூடுவதா, நடத்துவதா

இரண்டு தகவல்களையும் சேர்த்துப் பார்த்தால் திட்டம் தானாகவே எழுந்து நின்றது. முதலில் ஹான்சாவை ஓசையின்றிக் கைப்பற்றுவது. பிறகு ஆல்ஃபாபேயை மூடுவது. அங்கிருந்து ஓடுபவர்கள் எப்போதும்போல அடுத்த பெரிய சந்தைக்கு வருவார்கள், அந்தச் சந்தையின் கல்லாவில் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். மூடினால் நகர்கிறார்கள் என்பது நான்கு ஆண்டுகளாகக் காவல்துறையைத் தோற்கடித்து வந்த பழக்கம். இம்முறை அதையே பொறியாக வைத்தார்கள்.

இந்த முடிவின் கனத்தை உணர நெதர்லாந்தின் ஒரு பழைய காயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் ஒரு சிறப்புப் புலனாய்வுக் குழு, பெரிய தலைகளைப் பிடிக்கும் நோக்கில், தகவலாளிகள் வழியாகப் போதைப்பொருள் சரக்குகளை நாட்டுக்குள் வரவிட்டது. சரக்கு சந்தைக்குப் போனது. பெரிய தலைகள் சிக்கவில்லை. காவல்துறை யாருக்காக வேலை செய்கிறது என்பதே குழம்பிப்போனது. 1993 டிசம்பரில் குழு கலைக்கப்பட்டது, 1994இல் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள், நாடாளுமன்ற விசாரணைக் குழு 1996இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்த சிறப்புப் புலனாய்வு அதிகாரங்கள் சட்டம் 2000 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அதிகாரி அதைப் பறிமுதல் செய்தே ஆக வேண்டும், தெரிந்தே கடந்துபோக விடக்கூடாது என்று அது விதித்தது. கனமான புலனாய்வுக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கைக் களத்தில் இருக்கும் அதிகாரி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. தலைமை அரசு வழக்கறிஞர்கள் குழுவரை போக வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஊடுருவும் அதிகாரி ஒருவரை, அவர் ஏற்கெனவே செய்ய நினைத்திராத குற்றத்துக்கு இழுக்கக்கூடாது. ஹான்சாவுக்கு வருபவர் போதைப்பொருள் வாங்கவோ விற்கவோ தானாகவே டோரைத் திறந்து, கணக்குத் தொடங்கி, பிட்காயின் செலுத்துகிறார். காவல்துறை சந்தையைத் தொடங்கவில்லை, விளம்பரம் செய்யவில்லை. இந்த இடத்தில் அரசுத் தரப்பின் வாதம் உறுதியாக நின்றது.

சரக்கைக் கடந்துபோக விடுவது பற்றிய கேள்வி அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. ஹான்சாவில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 ஆர்டர்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு தபால் பொட்டலம். எல்லாவற்றையும் மறிப்பது நடக்கக்கூடிய காரியம் இல்லை, மறித்தால் குட்டு உடைந்துவிடும். கிடைக்கும் வெளிநாட்டு முகவரிகளை யூரோபோல் வழியாக அந்தந்த நாடுகளுக்கு அனுப்புவது, காலத்தைச் சுருக்கிக்கொள்வது, அனுமதியை முன்கூட்டியே பெறுவது என்ற நிபந்தனைகளோடு நடவடிக்கை தொடங்கியது. தாங்கள் மூடினால் அந்த 1,000 ஆர்டர்களும் வேறு சந்தையில் நடந்தே தீரும் என்ற கணிப்பும் இதில் இருந்தது. கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் குற்றத்தை வேறு யாராவது செய்திருப்பார்கள் என்பது காவல்துறையின் வாயில் வரும்போது கொஞ்சம் சங்கடமாகவே ஒலிக்கிறது.

ஜூன் 20: கைமாற்றம்

2017 ஜூன் 20 அன்று ஜெர்மன் காவல்துறை இரண்டு நிர்வாகிகளின் வீடுகளிலும் ஒரே நேரத்தில் நுழைந்தது. கணினிகள் திறந்த நிலையில், வட்டுகள் பூட்டப்படாமல் கிடைத்தன. வெளியே சொல்லப்பட்ட காரணம் மின்னூல் திருட்டு. தகவல் கிடைத்த கணமே, லித்துவேனிய அதிகாரிகளின் ஒத்துழைப்போடு நெதர்லாந்துக் குழு சந்தையைத் தன் கட்டுப்பாட்டிலுள்ள சர்வர்களுக்கு மாற்றத் தொடங்கியது. கைதான இருவரும் கடவுச்சொற்களைக் கொடுத்தார்கள். சந்தையின் நான்கு மேற்பார்வையாளர்களோடு அவர்கள் பேசிவந்த தனி உரையாடல் வழியும் அதில் அடக்கம்.

மாற்றம் மூன்று நாளில் முடிந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த நான்கு மேற்பார்வையாளர்களும் முதலாளி மாறியது தெரியாமல் வழக்கம்போல வேலை செய்தார்கள்.

27 நாட்கள்

காவல்துறையினர் நிர்வாகிகளாக நடிக்க வேண்டியிருந்தது. பழைய உரையாடல்களைப் படித்து அவர்களின் பேச்சு நடையைக் கற்றுக்கொண்டார்கள். இரவு பகலாக முறைவைத்து உட்கார்ந்து, பொட்டலம் வரவில்லை, எடை குறைவு, பணத்தைத் திருப்பித் தா என்று வரும் தகராறுகளைத் தீர்த்துவைத்தார்கள். முந்தைய நிர்வாகிகள் இரண்டு பேர். இப்போது ஒரு குழுவே இருந்ததால் சேவை மேம்பட்டது, வாடிக்கையாளர்கள் திருப்தி அடைந்தார்கள். இணையக் காவலைக் கற்பனை செய்யும் வருங்காலக் குற்றப் புனைவுகளில் துப்பறிவாளர்கள் குறியீட்டு மழைக்கு நடுவே நிற்பார்கள். இங்கே போதைப்பொருள் வாங்குபவரின் புகாருக்குப் பணிவாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். புனைவு எழுதுபவர்களுக்கு இது தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அதே நேரத்தில் தளத்தின் நிரல் சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருந்தது. சாதாரணமாகக் கடவுச்சொற்கள் திரும்பப் படிக்க முடியாத வடிவில்தான் சேமிக்கப்படும். இப்போது பயனர் தட்டச்சு செய்தபடியே பதிவாயின. வாங்குபவரின் முகவரியை மறையாக்கி, அதாவது மற்றவர் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, விற்பவருக்கு அனுப்பும் தானியங்கி வசதி ஒன்று ஹான்சாவில் இருந்தது. மறையாக்கத்துக்கு ஒரு படி முன்பே அந்தச் செய்தியைப் பிரதியெடுக்கும்படி அதை மாற்றினார்கள். சோம்பலுக்காக அந்த வசதியை நம்பியவர்களின் முகவரிகள் எல்லாம் கைக்கு வந்தன. தன் கணினியிலேயே மறையாக்கம் செய்து அனுப்பியவர்களை இது தொடவில்லை.

விற்பவர்களைப் பிடிக்க வேறு வழி தேவைப்பட்டது. சரக்கின் படங்களைப் பதிவேற்றும்போது, படம் எடுத்த இடத்தைக் காட்டும் தகவலைத் தளம் தானாக நீக்கிவிடும். நீக்குவதற்கு முன் அதைப் பதிவு செய்யும்படி மாற்றிவிட்டு, சர்வர் கோளாறால் எல்லாப் படங்களும் அழிந்துவிட்டன, மன்னிக்கவும், மறுபடி பதிவேற்றுங்கள் என்று அறிவித்தார்கள். விற்பவர்கள் சலிப்போடு மறுபடி பதிவேற்றினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் இருப்பிடம் தெரிந்தது.

அடுத்தது இன்னும் துணிச்சலானது. தளம் முடங்கினால் பணத்தை மீட்டுக்கொள்ள விற்பவர்களுக்கு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு தரப்படுவது வழக்கம். அதை எக்செல் கோப்பாக மாற்றினார்கள். திறந்தால் அது ஒரு வெளி முகவரியைத் தொடர்பு கொள்ளும். அந்தக் கணத்தில் திறந்தவரின் உண்மையான இணைய முகவரி தெரிந்துவிடும். 64 விற்பனையாளர்கள் திறந்தார்கள். ஒருவருடைய கணினிக்குள் மறைவாக நுழைய நெதர்லாந்துக் காவல்துறைக்கு வெளிப்படையான அதிகாரம் தந்த சட்டம் 2019 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. கோப்பை அனுப்பி அவராகத் திறக்க வைப்பது நுழைவதாகாது என்று வாதிடலாம். எனக்கு அது எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பதாகப் படுகிறது.

நடத்துவதற்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை அவர்கள் ஓரிடத்தில் காட்டினார்கள். ஃபென்டனில் விற்பனையை ஹான்சாவில் தடை செய்தார்கள். மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கக்கூடிய மருந்து அது. காவல்துறை நடத்தும் சந்தை வழியாக அது போய் ஒருவர் இறந்தால் எந்தச் சட்ட விலக்கும் காப்பாற்றாது. பயனர்கள் சந்தேகப்படவில்லை, பலர் வரவேற்கவும் செய்தார்கள்.

ஜூலை 5: ஆல்ஃபாபே அகதிகள்

ஆல்ஃபாபே ஜூலை முதல் வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. ஜூலை 5 அன்று பாங்காக்கில் அதன் நிறுவனரின் வீட்டு வாசல் கதவில் ஒரு கார் தவறுதலாக மோதியதுபோல நடித்து, அவரைக் கணினி திறந்திருந்த நிலையில் வெளியே வரவழைத்துப் பிடித்தார்கள். ஒரு வாரத்தில் அவர் காவலில் இறந்துகிடந்தார். இந்த வழக்கில் பதிவான ஒரு மரணம் அது. தொழில்நுட்ப வெற்றியைப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் அதைக் கடந்துவிடுகிறார்கள்.

ஆல்ஃபாபே பணத்தோடு ஓடிவிட்டது என்றே பயனர்கள் நினைத்தார்கள். எதிர்பார்த்தபடி ஹான்சாவுக்கு வந்தார்கள். யூரோபோல் சொன்ன கணக்கில், புதிதாகச் சேர்பவர்களின் எண்ணிக்கை எட்டு மடங்கானது. விளைவு கொஞ்சம் விசித்திரமானது: பொறி வைத்தவர்களாலேயே வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஆர்டரும் ஒரு பதிவு, ஒரு முகவரி, ஒரு தகவல் மடல். சட்டம் கேட்ட ஆவணங்களை எழுதியே மாளவில்லை. தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லிப் புதிய பதிவுகளைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். அதுவரை வாசலில் நின்றவர்கள் உள்ளே விடும்படி கெஞ்சினார்கள்.

ஜூலை 20 அன்று வாஷிங்டனிலும் ஹேக்கிலும் ஒரே நேரத்தில் அறிவிப்பு வந்தது. ஹான்சா மூடப்பட்டது. அதன் முகப்பில் இனி இது காவல்துறையின் கையில் இருக்கிறது என்ற பலகை தொங்கியது.

பின்விளைவுகள்

ஏதாவது ஒரு தகவலாவது கிடைத்த பயனர்கள் 4.2 லட்சம் பேர். வீட்டு முகவரிகள் 10,000-க்கு மேல். சுமார் 1,200 பிட்காயின் பறிமுதல் ஆனது. பல கையொப்ப முறையைக் காவல்துறை முடக்கியிருந்ததால்தான் அது முடிந்தது.

கைதுகளைப் பார்த்தால் எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இல்லை. முக்கிய விற்பனையாளர்கள் ஒரு டஜன் பேர் அளவில் அடுத்த சில மாதங்களில் சிக்கினார்கள். வாங்கியவர்களில் ஏறக்குறைய 50 பேரின் வீட்டுக் கதவை நெதர்லாந்துக் காவல்துறை தட்டியது. வழக்குப் போடுவதற்காக இல்லை. உங்களை எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வருவதற்காக. அதிக அளவில் வாங்கிய ஒருவர் மட்டும் கைதானார். 4.2 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது கையளவு. முழுவதையும் வழக்காக்க எந்த நாட்டின் நீதிமன்றத்திலும் இடம் இருக்காது.

அடிவிழுந்தது நம்பிக்கையின் மேல். ஹான்சாவில் பயன்படுத்திய கடவுச்சொல்லையே வேறு சந்தைகளிலும் வைத்திருந்தவர்களின் கணக்குகளை, ட்ரீம் மார்க்கெட் என்ற சந்தையில் காவல்துறை கைப்பற்றியது. அடையாளம் காணப்பட்டவர்கள், கைதானவர்கள் என்று விற்பனையாளர்களின் புனைபெயர்களைப் பட்டியலிட்டு டோருக்குள்ளேயே ஒரு பக்கத்தையும் திறந்தது. எந்தச் சந்தையும் காவல்துறையினுடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம் பரவியது.

இது அளவிடக்கூடிய விளைவா? 2018இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ட்ரீம் மார்க்கெட்டுக்கு இடம்பெயர்ந்த விற்பனையாளர்களை ஒப்பிட்டார்கள். ஆல்ஃபாபேயிலிருந்து வந்தவர்களைவிட, ஹான்சாவிலிருந்து வந்தவர்கள் பெயரையும் மறையாக்கச் சாவியையும் மாற்றிக்கொண்டு வந்தது அதிகம். அதாவது சேர்த்துவைத்த நற்பெயரைத் தாங்களே எரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த வியாபாரத்தில் மூலதனமே அந்த நற்பெயர்தான். ஆகவே மூடுவதைவிடக் கைப்பற்றுவது வேறு வகையான சேதம் என்பதற்கு இது வலுவான சான்று. நிரந்தரச் சேதம் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. 2021 ஆகஸ்டில் ஆல்ஃபாபே என்ற பெயரிலேயே ஒரு சந்தை திரும்ப முளைத்தது. இம்முறை பொதுப் பேரேட்டில் தடம் விடும் பிட்காயினை அது ஏற்கவில்லை. பரிமாற்றத்தை மறைக்கும் மொனேரோ மட்டும்தான். லித்துவேனியாவுக்கு வழிகாட்டிய அந்த ஏப்ரல் மாதத் தொகையிலிருந்து எதிர்த்தரப்பும் கற்றுக்கொண்டிருந்தது.

மறுமுறை என்றால் எவை மாற வேண்டும்

திட்டத்தின் உயரம் சரியாக இருந்தது, அடித்தளத்தில் ஆள் போதவில்லை. ஆல்ஃபாபேயை மூடினால் கூட்டம் வரும் என்பதுதான் திட்டமே. அந்தக் கூட்டத்தின் தகவலைப் பதிவு செய்து நாடுகளுக்கு அனுப்பும் வேலைக்கு முன்கூட்டியே ஆள் ஒதுக்கியிருக்க வேண்டும். துப்பறிவாளர்களை ஆவண எழுத்தர்களாக்கியது நேரத்தைத் தின்றது.

இரண்டாவது விஷயம் எனக்கு முக்கியமாகப் படுவது. காவல்துறையின் கட்டுப்பாட்டில் இருந்தபோது விற்கப்பட்ட சரக்கு எவ்வளவு, எத்தனை பொட்டலங்கள் மறிக்கப்பட்டன, எத்தனை போய்ச் சேர்ந்தன என்ற கணக்கைத் தொடக்க நாளிலிருந்தே ஒரு வெளி நீதிபதியோ கண்காணிப்பாளரோ தனியாக எழுதிவர வேண்டும். வழக்கு முடிந்தபின் கைதுகளின் எண்ணிக்கையோடு அதுவும் ஒரே பக்கத்தில் வெளியாக வேண்டும். 1996இன் அறிக்கை கேட்டது ஏறத்தாழ இதைத்தான். அனுமதி முன்கூட்டியே வாங்கப்பட்டது, நல்லது. ஆனால் அனுமதியும் கணக்கும் வேறுவேறு.

மூன்றாவது, குற்றத்தின் வகை. 2015இல் எஃப்.பி.ஐ. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களைப் பகிரும் ஒரு தளத்தைக் கைப்பற்றி 13 நாள் நடத்தியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காவல்துறை அதே வகைத் தளம் ஒன்றைப் பதினொரு மாதம் நடத்தியது. ஹான்சாவில் பொருள் வாங்குபவர் பெரும்பாலும் தன் உடலுக்கே தீங்கு செய்துகொள்கிறார். அந்தத் தளங்களில் ஒவ்வொரு பகிர்வும் ஒரு குழந்தைக்கு மறுபடி நேரும் தீங்கு. ஹான்சாவின் வெற்றியைக் காட்டி அவற்றையும் நியாயப்படுத்த முடியாது. ஃபென்டனிலை விலக்கியதுபோல, எதை ஒரு நாள்கூட நடத்தக்கூடாது என்ற பட்டியல் சட்டத்திலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அறையில் இருக்கும் அதிகாரிகளின் மனசாட்சியை மட்டும் நம்பி விடக்கூடாது.

இந்திய வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 50ஏ பிரிவு, போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரமளித்தவரோ ஒரு சரக்கைக் கண்காணித்தபடி சேருமிடம்வரை போகவிட அனுமதிக்கிறது. அது பேசுவது ஒரு சரக்கைப் பற்றி. ஒரு நாளைக்கு ஆயிரம் சரக்குகள் கடந்துபோகும் சந்தையையே கையில் எடுத்து நடத்துவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.